‘லேசான தண்ணி’ குடிச்சா செல் துருப்பிடிக்காதா?

3 செப்டம்பர் 2023, மாலை – வாசகர் கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

போன வாரம் நம்ம டவுன் கல்யாண மண்டபத்துல ஆரோக்கியச் சொற்பொழிவுன்னு கூப்பிட்டாங்க, போனேன். கோட்டு போட்ட ஒருத்தர் பேசினாரு. சாதாரணத் தண்ணில ‘கன ஹைட்ரஜன்’னு ஒன்னு இருக்காம். அது சேரச் சேர செல்லு துருப்பிடிக்குமாம். அதை எடுத்துட்ட லேசான தண்ணி 24 பாட்டில் 380 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கு வந்து சொன்னா யூனிவர்சிட்டில படிக்கிற என் மகன் சிரிக்கிறான். அந்தக் கன ஹைட்ரஜன்தான் துருப்பிடிக்காம காப்பாத்துதாம், ஆராய்ச்சியே இருக்காம். ஒருத்தர் எடுத்துடுங்கங்கறாரு, இன்னொருத்தன் போட்டுக்கோங்கறான். எது சரி?

3 செப்டம்பர் 2023, இரவு 10.20

உங்க மகன் சொல்றதுல பாதி சரி. மண்டபத்துக்காரர் சொன்னதுல ஹைட்ரஜன்ங்கற பேரு மட்டும் சரி.

ஹைட்ரஜன் அணுவுக்கு நடுவுல ஒரு புரோட்டான். கூட ஒரு நியூட்ரான் இருந்தா டியூட்டீரியம், எடை ரெண்டு மடங்கு. ஹரோல்டு யூரே 1931-ல கண்டுபிடிச்சாரு, 1934-ல நோபல் வாங்கினாரு. கடல் தண்ணில ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்னு இந்தக் கனமான ஆளு. 70 கிலோ மனுஷன் உடம்பு முழுக்கத் தேடிச் சேர்த்தா 2 கிராம் தேறும், ஒரு சின்னப் பிள்ளை மோதிரம் எடை. மனுஷன் பொறந்ததுலேருந்து இது நம்மகூடத்தான் இருக்கு.

380 வெள்ளிக்கு நல்ல மழைக்கோட்டும் பூட்ஸும் வாங்கலாம்.

4 செப்டம்பர் 2023, காலை 6.50

நேத்து தூக்கக் கலக்கத்துல கிண்டல் பண்ணிட்டேன். கேள்வி நல்ல கேள்வி. நான் 35 வருஷம் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர்ல லேப்ல இருந்தவன். டாக்டர் இல்ல, புரொபசர் இல்ல. ஆனா ‘துரு’ன்னு அவரு சொன்ன சமாசாரத்தோட என் கை ரொம்ப நாள் பழகியிருக்கு.

எடை கூடினா ஏன் பாதுகாப்பு வருது? ஒரு குழியில பந்து கிடக்குதுன்னு வச்சுக்கோங்க. அணு உலகத்துல பந்து குழியோட அடிமட்டத்துல சும்மா கிடக்காது, எவ்வளவு குளிர்ல வச்சாலும் துள்ளிக்கிட்டே இருக்கும். லேசான பந்து அதிகமாத் துள்ளும், அதனால அது நிக்கற மட்டமே கொஞ்சம் மேல. கனமானது கீழ. குழி ஒன்னுதான், ஆனா வெளிய ஏறி வர்றதுக்குக் கனமானவனுக்குக் கூடுதல் தெம்பு வேணும். கார்பன்ல ஒட்டியிருக்கற ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியத்துக்கும் அந்த வித்தியாசம் மோலுக்கு 5 கிலோஜூல் சுமார். கேக்க அற்பமா இருக்கும். ஆனா சாதாரணச் சூட்டுல இது வேகத்தை ஏழுல ஒரு பங்கா இறக்கிடும். பாடப்புத்தகக் கணக்கு இது.

ரெண்டும் ஒரே தனிமம். ரசாயனக் குணமும் ஏறக்குறைய ஒன்னுதான். பறிக்க வர்றவனுக்கு மட்டும் கஷ்டம்.

4 செப்டம்பர் 2023, இரவு 9.05

எங்கேருந்து பறிக்கறான், அதைச் சொல்லாம விட்டுட்டேன்.

நம்ம செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு கொழுப்பால ஆனது. அதுல லினோலிக் அமிலம்னு ஒன்னு உண்டு. 18 கார்பன் வரிசையா நிக்கற சங்கிலி. 9-க்கும் 10-க்கும் நடுவுல ஒரு இரட்டைப் பிணைப்பு, 12-க்கும் 13-க்கும் நடுவுல இன்னொன்னு. ரெண்டுக்கும் இடையில மாட்டிக்கிட்டது 11-ஆம் நம்பர் கார்பன். அங்க இருக்கற ரெண்டு ஹைட்ரஜனும் ரொம்பத் தளர்வு. ரேடிக்கல்னு சொல்ற ஒத்தை எலக்ட்ரான் ரவுடி வந்தா முதல்ல கை வைக்கறது அங்கதான். ஹைட்ரஜன் போனதும் அந்தச் சங்கிலியில ஆக்ஸிஜன் வந்து உக்காரும், அதுவே புது ரவுடியாகிப் பக்கத்துக் கொழுப்பைப் பறிக்கும். ஒன்னு தொட்டு இன்னொன்னுன்னு ஓடும். கடைசில உடைஞ்சு வர்ற ஆல்டிஹைடுங்க புரதத்தையும் மரபணுவையும் போய்ப் புடிச்சுக்கும்.

வீட்டுல எண்ணெய் காறல் அடிக்குதே, இதேதான். உடம்புக்குள்ள மெதுவாக் காறுது.

ரப்பர்லயும் அப்படியே, அதே மாதிரி இடம், அதே மாதிரி பறிப்பு. 1974-னு நினைக்கிறேன், நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பால் வடிகட்டற சல்லடை கிழிஞ்சு போச்சு. வீட்டுல அம்மா வச்சிருந்த பித்தளைச் சல்லடை ஞாபகம் வர, அதைக் கொண்டாந்து ரெண்டு நாள் வடிகட்டினேன். யாரும் பாக்கல. ரப்பர் சீட்டு (பால் உறைஞ்ச தகடு), அதைக் காய வைக்கற புகை வீட்டுலேருந்து பொன்னாட்டம் வெளிய வந்துச்சு, எனக்குப் பெருமை. நாலு மாசம் கழிச்சு ஸ்டோர் மூலையில மிச்சம் கிடந்த சீட்டை எடுத்தா, சுட்ட வெல்லப்பாகு மாதிரி கையில ஒட்டுது. பித்தளைல செம்பு இருக்கு, செம்பு ரப்பருக்கு விஷம். ஆக்ஸிஜன் வேலையை அது நூறு ஆளு சேர்ந்த மாதிரி தள்ளிவிடும். துரை என்னைக் கூப்பிட்டு விட்ட பாட்டை இங்க எழுதினா இந்த இணைய இழையை மூடிடுவாங்க.

ஒரு துண்டை இன்னும் வச்சிருக்கேன்.

5 செப்டம்பர் 2023

ஒருத்தர் கேட்டிருக்காரு: “ரெண்டு மடங்கே நல்லதுன்னா மூனு மடங்கு டிரிட்டியம் இன்னும் நல்லதுதானே?”

அண்ணே, அது கதிரியக்கம் உள்ளது. 12.3 வருஷத்துல பாதி கரைஞ்சுடும், கரையறப்போ பீட்டா கதிர் விடும். காவலுக்கு ஆள் வச்சா அவனே வீட்டுக்குத் தீ வைக்கற கதை. ஆராய்ச்சில அடையாளம் போட்டுப் பின்தொடர அதைப் பயன்படுத்துவாங்க, அவ்வளவுதான்.

5 செப்டம்பர் 2023, கொஞ்ச நேரம் கழிச்சு

அப்போ நேரா கன நீரையே குடிச்சா என்னன்னு இன்னொருத்தர். தூத்துக்குடில ஆலையே இருக்கே, அத்தை பையன் அங்கதான் வேலைன்னு வேற எழுதியிருக்காரு.

அந்த ஆலை அணு உலைக்குத் தண்ணி செய்யறதுக்குக் கட்டினது, கல்யாணப் பந்திக்கு இல்ல. கன நீர் 3.8 டிகிரில உறையும், 101.4-ல கொதிக்கும். அதுல செஞ்ச ஐஸ் கட்டி சாதாரணத் தண்ணில மூழ்கும். நாக்குல வச்சா லேசா இனிக்கும், 2021-ல ஆளுங்களை வச்சு ருசி பார்க்கச் சொல்லி உறுதி பண்ணினாங்க. ஒரு மடக்குக்கு ஒன்னும் ஆகாது. ஆனா எலி மாதிரி பாலூட்டி உடம்புத் தண்ணில கால்வாசி கன நீரானா குட்டி போடற சக்தி போயிடும், பாதி ஆனா உயிரே போயிடும். செல் பிரியறதுக்கே அது இடைஞ்சல் பண்ணுது.

அதைவிடப் பெரிய விஷயம் வேற இருக்கு. குடிச்சாலும் 11-ஆம் நம்பருக்குப் போகாது. அதை நாளைக்கு எழுதறேன், மழை வருது, துணி எடுக்கணும்.

7 செப்டம்பர் 2023, காலை

நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாள் ஆச்சு.

உடம்புல ஹைட்ரஜன் ரெண்டு விதமா உக்காந்திருக்கு. ஆக்ஸிஜனையோ நைட்ரஜனையோ ஒட்டியிருக்கறது வாடகைக்காரன், தண்ணியோட நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறிக்கிட்டே இருப்பான். கார்பனை ஒட்டியிருக்கறவன் சொந்த வீட்டுக்காரன், தண்ணி மாறினா அவன் மாற மாட்டான். கொழுப்பு கட்டறப்பவே அங்க போய் உக்காந்திருந்தாத்தான் உண்டு. லினோலிக் அமிலத்தை நம்ம உடம்பு கட்டவே கட்டாது. சாப்பாட்டுலதான் வரணும்னு பர்னு ஒரு ஆராய்ச்சித் தம்பதி 1929-30-ல எலிகளை வச்சுக் காட்டிட்டாங்க. அப்போ நீங்க கன நீரைக் குடிச்சாலும் சரி, லேசான தண்ணியைக் குடிச்சாலும் சரி, அந்த 11-ஆம் வீட்டுல யார் இருக்காங்கங்கறதை எண்ணெய்ச் செடி எப்பவோ தீர்மானிச்சிடுச்சு.

இதே காரணம்தான் அந்த ஆராய்ச்சிக்காரங்களுக்குச் சௌகரியமாப் போச்சு. மிக்கேல் ஷ்சேபினோவ்னு ஒரு ரசாயனக்காரர் எடுத்துக்கிட்ட வழி: 11-ல ரெண்டு டியூட்டீரியம் வச்ச லினோலிக் அமிலத்தை வெளியவே செஞ்சு, எண்ணெயாச் சாப்பிடக் கொடுக்கறது. உடம்பு தானாச் செய்யாத சரக்குங்கறதால வெளியேருந்து வர்றதை வாங்கிச் சவ்வுல அடுக்கித்தான் ஆகணும்.

மகன் சொன்ன ஆராய்ச்சி இதுதான்னு நினைக்கிறேன். தண்ணியே இல்ல, எண்ணெய்.

7 செப்டம்பர் 2023, மதியம்

திருத்தம். 4-ஆம் தேதி ‘ரப்பர்லயும் அதே மாதிரி இடம்’னு எழுதினேன். பேப்பர்ல வரைஞ்சு பார்த்தேன், தப்பு.

ரப்பர் சங்கிலியில ஒரு இரட்டைப் பிணைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு கார்பன் இருக்கு, ஒன்னு இல்ல. அதனால ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு பக்கம்தான் இழுப்பு. லினோலிக்ல 11-க்கு ரெண்டு பக்கமும் இழுப்பு. ரப்பர் ஹைட்ரஜன் தளர்வுதான், ஆனா அந்த அளவு தளர்வு இல்ல. 35 வருஷம் தொட்டுக்கிட்டு இருந்த பொருளோட படத்தையே தப்பா வச்சிருந்திருக்கேன். யாரும் சுட்டிக்காட்டலங்கறதால யாரும் படிக்கலன்னு தெரியுது.

10 செப்டம்பர் 2023, ஞாயிறு

இன்னைக்கு ஒரு சமாசாரம் கிடைச்சுது, பசியாறக்கூட எழுந்திருக்கல.

ரப்பர்ல தப்பு பண்ணினேனேன்னு, இந்த ஆக்ஸிஜன் தொடர் ஓட்டத்தை முதல்ல ஒழுங்காக் கணக்குப் போட்டது யாருன்னு தேடினேன். போலண்டுன்னு (Bolland) ஒருத்தர், கீன்னு (Gee) ஒருத்தர். 1946. ரேடிக்கலோட ஆக்ஸிஜன் சேர்றது கண்மூடித் திறக்கற வேகம், அது அடுத்த மூலக்கூறுலேருந்து ஹைட்ரஜனைப் பறிக்கறதுதான் மெதுவான கட்டம்னு காட்டினவங்க. மெதுவான கட்டம்தான் மொத்த வேகத்தையும் புடிச்சு வச்சிருக்கும். பால் ஸ்டோர்ல மிஷின் எவ்வளவு வேகமா அரைச்சாலும் புகை வீடு காயற வேகத்துலதான் சீட்டு வெளிய வரும், அந்த மாதிரி. டியூட்டீரியம் சரியா அந்தக் கட்டத்துலதான் கை வைக்குது.

அது இல்ல சமாசாரம். அவங்க வேலை பார்த்தது இங்கிலாந்துல வெல்வின் கார்டன் சிட்டியில இருந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துல. 1938-ல ஆரம்பிச்சது, மலாயா ரப்பர் மேல போட்ட செஸ் வரிப் பணத்துல நடந்தது. பின்னால ‘மலேசிய’ன்னு பேர் மாறி, இப்போ துன் அப்துல் ரசாக் பேர்ல ஹெர்ட்ஃபோர்ட் பக்கத்துல இருக்கு. ரப்பர் நீளச் சங்கிலி, கணக்குக்கு ஒத்து வராது. அதனால சின்னதா ஒரு மாதிரிப் பொருளை எடுத்துக்கிட்டாங்க. என்ன பொருள் தெரியுமா? எத்தில் லினோலியேட், நம்ம லினோலிக் அமிலத்தோட இன்னொரு வடிவம்.

மருந்தாச் சோதிச்சுப் பார்த்தாங்களே, அந்தக் கன எண்ணெய், அதுவும் எத்தில் லினோலியேட்தான். 11-ல ரெண்டு ஹைட்ரஜனை மாத்தி வச்சது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க அம்மா விடிகாலை மூனு மணிக்குத் தலைவிளக்கு கட்டி வெட்டின மரத்துப் பாலு, ஒவ்வொரு ராத்தலுக்கும் பிடிச்ச காசு, அந்தச் சீமைக் கண்ணாடிக் குடுவைக்குள்ள போயிருக்கு.

11 செப்டம்பர் 2023

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அம்மாவை இழுத்தது அவசரம். 1946-ல அச்சான வேலைன்னா நடந்தது போர்க் காலம். 1942-லேருந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் இங்க இருந்தான், இங்கேருந்து ஒரு சீட்டு லண்டனுக்குப் போயிருக்காது. அம்மா அப்போ மரவள்ளிக் கிழங்கு புடுங்கிக்கிட்டு இருந்தாங்க. போருக்கு முன்ன போன காசுன்னா அது தாத்தாவோடது. தாத்தா கணக்குல எழுதிக்கறேன், அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.

16 செப்டம்பர் 2023, இரவு

மகன் (வாசகரோட மகன்) நேரா எனக்கு எழுதியிருக்காரு, ‘ஐயா, கொஞ்சம் கலந்தாலே போதுமாமே, அது எப்படி?’ன்னு. தம்பி, சரியான இடத்துல புடிச்சீங்க.

ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் தானா இந்த ரெண்டு பிணைப்புக் கொழுப்பைச் செய்யாது, வெளிய கொடுத்தா எடுத்துக்கும். கலிபோர்னியால கேத்தரின் கிளார்க் குழு, கோ-என்சைம் கியூங்கற காப்புப் பொருள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்தாங்க. அதுக்குக் காவலே கிடையாது. சாதாரண லினோலெனிக் (லினோலிக்கோட தம்பி, மூனு இரட்டைப் பிணைப்பு) கொடுத்தா கொஞ்ச நேரத்துல கூட்டங்கூட்டமாச் செத்துச்சு. டியூட்டீரியம் வச்சதைக் கொடுத்தா பொழைச்சுது. 2012-ல வந்த அடுத்த வேலையில, மொத்தக் கொழுப்புல ஐந்துல ஒரு பங்கு மட்டும் கன எண்ணெயா இருந்தாலே மிச்சமும் தப்பிக்குதுன்னு பார்த்தாங்க.

லாலாங் புல்லுல தீ புடிச்சுப் பார்த்திருக்கீங்களா? வறண்ட மாசத்துல ஒரு பக்கம் புடிச்சா சரசரன்னு ஓடும். தோட்டத்துல எல்லா லாலாங்கையும் வெட்டிக்கிட்டு உக்கார மாட்டோம், இடையில இடையில பட்டையா வெட்டி விடுவோம். தீ அங்க வந்து தடுமாறும். தொடர் ஓட்டத்துல நடுவுல அங்கங்க ஓட முடியாதவன் நின்னா சங்கிலி நீளாது. நீளலன்னா பக்கத்துல இருக்கற சாதாரணக் கொழுப்புக்கும் முறை வராது.

சின்னச் சந்தேகம் எனக்கே: வெட்டின பட்டையில தீ நிக்கும், கன எண்ணெயில தீ நிக்காது, நடை குறையும். 10 மடங்கை ஒட்டிக் குறையும்னு அளந்திருக்காங்க, பாடப்புத்தக ஏழைவிட ஜாஸ்தி. குறைஞ்ச நேரத்துல வைட்டமின் ஈ வந்து அணைச்சிடும். அப்படித்தான் நான் புரிஞ்சுக்கறேன்.

17 செப்டம்பர் 2023

அடுத்த கேள்வி எல்லாருக்கும் இருக்கும்: மருந்தாச்சா?

பிரீட்ரிக் அட்டாக்ஸியான்னு ஒரு பரம்பரை நோய். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஃப்ரடாக்சின்ங்கற புரதம் குறையறதால, செல்லுக்குச் சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியால இரும்பு தேங்கும். இரும்பு அங்க பண்றது, என் பித்தளைச் சல்லடை பண்ணின அதே வேலை. அதனாலதான் இந்த நோயை எடுத்தாங்க. 18 பேரை வச்சு 28 நாள் பார்த்த முதல் சோதனையில பெரிசா ஒரு பாதகமும் இல்ல, ரத்தத்துலயும் கன எண்ணெய் ஏறியிருந்துச்சு. அப்புறம் நடந்த பெரிய சோதனை அதோட முதன்மை இலக்கை எட்டல.

அதான் தம்பி, நீங்களும் பாதி சரின்னு முதல் நாளே சொன்னது. ஈஸ்ட்டுல பொழைச்சுது. மனுஷன்ல வேலை செய்யுதுன்னு சொல்லிக்கற நிலைமை வரல. குடுவைக்கும் மனுஷனுக்கும் நடுவுல நிறைய தூரம்.

டியூட்டீரியம் வச்ச மாத்திரை கடையில இருக்கான்னா இருக்கு. டியூடெட்ராபெனசின், 2017 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு, ஹண்டிங்டன் நோயில கை கால் தானா ஆடறதுக்கு. ஆனா அது கொழுப்பைக் காப்பாத்தற மருந்து இல்ல. மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் உடைச்சிடாம இருக்க, உடையற இடத்துல ஆறு டியூட்டீரியம். காவல் மருந்துக்கே போட்டது.

1 அக்டோபர் 2023

வெக்கக்கேடு ஒன்னு சொல்லியாகணும்.

எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழ அட்டைப்பெட்டி. லேசான தண்ணி. அதே 380 வெள்ளி. நான் இங்க ஒரு மாசமா எழுதிக்கிட்டு இருக்கேன், என் கூடப் பொறந்தவ வாங்கி அஞ்சு பாட்டில் குடிச்சும் முடிச்சிட்டா.

“ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீ சொல்லுவே, அதான் கேக்கல.”

அக்காவுக்குக் கண்ணுல மங்கல், ஒரு வருஷமா. ஆஸ்பத்திரில தேதி கிடைக்க மாசக்கணக்கா ஆச்சு. மண்டபத்துல கோட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் கேட்டுக்கிட்டாராம். “கண்ணு எப்படிம்மா இருக்குன்னு அவரு கேட்டாருடா.” இதுக்கு நான் என்ன டியூட்டீரியம் சொல்றது. ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

2 அக்டோபர் 2023

பழைய மெட்ரோலாக் வீட்டுல இருக்கு, பால்ல மிதக்க விட்டு ரப்பர் அளவு பார்க்கற கண்ணாடி. அக்கா பாட்டிலையும் பைப்புத் தண்ணியையும் ரெண்டு ஜாடில ஊத்தி மிதக்க விட்டேன். ரெண்டும் சைபர் பக்கத்துலயே நின்னுச்சு. படம் எடுத்து இங்க போட்டு ‘பாருங்க மோசடி’ன்னு எழுதத்தான் வந்தேன்.

எழுதறதுக்கு முன்ன கணக்குப் போட்டேன், நல்ல வேளை. தண்ணிலேருந்து டியூட்டீரியம் மொத்தத்தையும் சுத்தமா உருவிட்டாலும் லிட்டருக்கு 17 மில்லிகிராம்தான் குறையும். மெட்ரோலாக்குக்கு அது கண்ணுக்கே தெரியாது. பாட்டில்காரர் நெஜமாவே எடுத்திருந்தாலும் இதே சைபர்தான் காட்டியிருக்கும். என் சோதனை ஒன்னையும் நிரூபிக்கல. பித்தளைச் சல்லடைக்கு அப்புறம் இது ரெண்டாவது.

ஆனா கணக்கு வேற ஒன்னு சொல்லுது. லினோலிக்ல 11-ல ரெண்டே ஹைட்ரஜன். இயற்கை விகிதத்துல பார்த்தா 3,200 மூலக்கூறுல ஒன்னுக்குத்தான் அங்க ஒரு கனமான ஆளு. அவன் இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான். நல்லது பண்ணவும் ஆள் பத்தாது, கெட்டது பண்ணவும் ஆள் பத்தாது.

9 அக்டோபர் 2023

எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயிண்ட் இருக்கு, மறைச்சா நியாயம் இல்ல.

வைட்டமின் ஈ எப்படிக் காவல் காக்குது? தன்கிட்ட இருக்கற ஒரு ஹைட்ரஜனை ரவுடிக்குத் தானமாக் கொடுத்து அடக்குது. அந்த ஹைட்ரஜன் ஆக்ஸிஜனை ஒட்டியிருக்கு, அதாவது வாடகைக்காரன், தண்ணியோட மாறுவான். அங்க டியூட்டீரியம் வந்து உக்காந்தா தானம் பண்றது கஷ்டம், காவல் மந்தமாகும். ஹோவர்டு, இங்கோல்டு ரெண்டு பேரும் 1962-ல இதே ரகக் காப்பான் ஒன்னை வச்சு அளந்து காட்டியிருக்காங்க. அதாவது அதே கன ஹைட்ரஜன், கொழுப்புல இருந்தா காவல், காவல்காரன் கையில இருந்தா பாரம்.

கோட்டுக்காரர் இதைப் படிச்சா அடுத்த மண்டபத்துல பேசுவாரு. பேசட்டும். 6,400-ல ஒருத்தன் கையில பாரம், மிச்சம் 6,399 பேர் சும்மா நிக்கறாங்க, அதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்க.

9 அக்டோபர் 2023, இன்னும் ஒரு வரி

போலியோ சொட்டு மருந்து சூட்டுல கெடாம இருக்கக் கன நீர் கலந்து பார்த்தாங்களேன்னு ஒருத்தர் ஞாபகப்படுத்தினாரு. ஆமா, 1990-கள்ல பார்த்தாங்க. ஆனா அது வெப்பம், இது ஆக்ஸிஜன். ஒரே இழையில போட்டா குழம்பும், விட்டுடுவோம்.

5 நவம்பர் 2023, ஞாயிறு

வீடு முழுக்க முறுக்கு வாசம். தீபாவளிக்கு ஒரு வாரம். வீட்டுக்காரம்மா சூரியகாந்தி எண்ணெய் வாங்கிட்டு வந்துட்டாங்க, “உடம்புக்கு நல்லது”ன்னு. இந்த இழையோட பாதிப்புல வாயைத் திறந்தேன்: சாதாரண சூரியகாந்தி எண்ணெயில பாதிக்கு மேல லினோலிக். செம்பனை எண்ணெயில பத்துல ஒரு பங்கு சுமார்தான், மிச்சம் பெரும்பாலும் பாமிட்டிக்கும் ஓலிக்கும். 11-ஆம் நம்பர் வீடு குறைச்சல். சட்டி சூட்டுல தாக்குப் புடிக்கும், டின்ல போட்ட முறுக்கும் சீக்கிரம் காறாது. கூடவே டோக்கோட்ரையீனால் வேற இருக்கு, வைட்டமின் ஈ குடும்பம்.

“இதை முறுக்கு புழியறவ கையில சொல்லு”ன்னு அச்சைக் கையில கொடுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் புழிஞ்சேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது.

செம்பனை டோக்கோட்ரையீனால் மாத்திரை விக்கறவர் ஒருத்தர் இதைப் பார்த்துட்டு லிங்க் போட்டிருக்காரு. ஐயா, நான் முறுக்கைப் பத்திப் பேசினேன். வைட்டமின் ஈயை மாத்திரையா முழுங்கினா இதயத்துக்கு நல்லதுன்னு நம்பி நடத்தின ஹோப் சோதனை 2000-ல ஒரு பலனும் காட்டல. செலக்ட் சோதனையில 2011 கணக்குப்படி வைட்டமின் ஈ எடுத்த ஆம்பளைங்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியிருந்துச்சு. அவங்க எடுத்தது டோக்கோஃபெரால், உங்களது ட்ரையீனால்னு சொல்லுவீங்க. சரி. அப்போ உங்களதுக்கு அதே அளவு சோதனை நடந்ததும் வாங்க.

14 நவம்பர் 2023

தீபாவளிக்கு அக்கா வந்திருந்தா. டாக்டர் பார்த்துட்டாராம், கண்புரை. டிசம்பர்ல வெட்டறாங்க. கண்ணுலென்ஸுல இருக்கற புரதம் வருஷக்கணக்கா ஆக்ஸிஜன்ல அடிபட்டு மங்கறதும் கண்புரைக்கு ஒரு காரணம்னு சொல்ல வாயெடுத்தேன், அவ முறைச்ச முறைப்புல நிறுத்திட்டேன்.

மிச்சம் 18 பாட்டில் என்னாச்சுன்னு கேட்டேன். கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டாளாம். “நல்லா துளிர் விட்டிருக்குடா, வந்து பாரு.” பாட்டில் மூடி கெட்டியா இருக்கறதால ஊறுகாய் எண்ணெய் ஊத்தி வச்சிருக்கா.

15 நவம்பர் 2023

வாசகருக்கு: மகன் லீவுல வந்திருக்கறதாவும் அந்தப் பித்தளைச் சல்லடைச் சீட்டைப் பாக்கணும்னும் எழுதியிருக்கீங்க. சனிக்கிழமை காலையில பசியாற அனுப்பி வைங்க, முறுக்கு இன்னும் ஒரு டின் இருக்கு. சீட்டு பழைய பேப்பர்ல சுத்தி அலமாரி மேல கிடக்கு. பேப்பரைப் பிரிக்க முடியுமான்னு தெரியல, போன தடவை பாதியோட ஒட்டிக்கிச்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வர வேணாம்னு சொல்லுங்க.